இரண்டு வெப்பமானிகளுக்கு நடுவே

மார்கழி பிறந்துவிட்டால் கிளாவரையில் விவசாயிகளுக்குப் பனிக் கவலை பிடித்துக்கொள்ளும். கொடைக்கானலில் இருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று மேற்கே போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் வரும் மலைக்கிராமம் அது. மலையின் அந்தப் பக்கம் கேரளத்து வட்டவடை. படிப்படியாக வெட்டிய சரிவுகளில் உருளை, கேரட், பீன்ஸ், வெள்ளைப்பூண்டு. வானம் தெளிந்து, காற்றும் அசையாத இரவுகளில் நிலம் தன் சூட்டை விண்ணுக்கு விட்டுவிடும். அந்த நிலத்தைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனம் கூடிச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். விடிந்து பார்த்தால் பள்ளத்துத் தோட்டத்தில் உருளைச் செடி கருகிக் கிடக்கும். கொஞ்சம் மேலே, அதே விதை, அதே உரம், ஓர் இலைகூட வாடியிருக்காது. வானிலை அறிக்கை கொடைக்கானலுக்கென்று ஓர் எண்ணைச் சொல்லும். அந்த எண்ணை மட்டும் நம்பி யாரும் பள்ளத்தில் உருளை போடுவதில்லை.

அதே தோட்டங்களுக்கு மலையேறி வரும் 45 கிலோ யூரியா மூட்டையைப் பற்றியது இந்த அத்தியாயம். சரியாகச் சொன்னால், அந்த யூரியாவுக்கான அம்மோனியா பிறந்த எஃகுக் கலத்துக்குள் நிலவும் வெப்பநிலையைப் பற்றியது. ஒரு ரியாக்டருக்கு ஒரு வெப்பநிலை என்று எதுவும் கிடையாது. அதற்குள் இருப்பது ஒரு வரைபடம்; மேடும் பள்ளமும் உள்ள வரைபடம். அதில் ஆபத்தான மேடு பெரும்பாலும் நாம் வெப்பமானி வைக்காத இடத்தில்தான் எழும்பும்.

தமிழ்நாட்டில் யூரியாவுக்கு இரண்டு பெரிய ஊற்றுகள் உண்டு. மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் ஆலை 1971-இல் உற்பத்தியைத் தொடங்கியது. தூத்துக்குடியில் ஸ்பிக் ஆலை 1975-இல் ஓடத் தொடங்கியது. இரண்டும் நாஃப்தாவை மூலப்பொருளாகக் கொண்டு பிறந்து, அண்மை ஆண்டுகளில் இயற்கை எரிவாயுவுக்கு மாறியவை. எங்கே செய்தாலும் வழி ஒன்றுதான். முதலில் காற்றில் உள்ள நைட்ரஜனையும் எரிபொருளில் இருந்து பிரித்த ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா செய்ய வேண்டும். பிறகு அந்த அம்மோனியாவோடு கரியமில வாயுவைச் சேர்த்தால் யூரியா. ஒரு மூட்டை யூரியாவுக்கு ஏறக்குறைய இருபத்தைந்தரை கிலோ அம்மோனியா வேண்டும்.

அம்மோனியா உருவாகும்போது வெப்பம் வெளிவரும்: கிலோவுக்கு 2.7 மெகாஜூல். ஒரு மூட்டைக் கணக்குக்கு ஏறக்குறைய 69 மெகாஜூல், அதாவது ஒன்றரைக் கிலோ சமையல் எரிவாயு தரும் சூடு. நாளொன்றுக்கு ஆயிரம் டன் அம்மோனியா செய்யும் ஆலையில் இந்த வெப்பம் இடைவிடாமல் 31 மெகாவாட். இத்தனையும் வெளிவருவது ஒரே கலத்துக்குள், இரும்புத் துகள்களின் படுகைக்குள்.

அந்தப் படுகையை ஒருமுறை மனதில் பார்த்துவிட வேண்டும். மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடை உருக்கி, அதில் கொஞ்சம் அலுமினா, பொட்டாஷ், சுண்ணாம்பு கலந்து, ஆறவைத்து உடைத்த கருஞ்சல்லி. ஆலையில் ஹைட்ரஜனைப் பாய்ச்சி அதை இரும்பாக ஒடுக்கிய பிறகுதான் அது வினையூக்கியாக வேலைக்கு ஆகும். துகள் மூன்று மில்லிமீட்டர், படுகை ஐம்பது கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால் உள்ளே இருநூறு கோடித் துகள்கள் கிடக்கும். அவற்றின் இடுக்குகள் வழியே 150 முதல் 250 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் வாயு பாய்கிறது. ஒவ்வொரு துகளும் ஒரு சின்ன அடுப்பு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வெப்பநிலை. ஆலைக்காரர் கையில் இருப்பதோ, கலத்துக்குள் இறக்கிய குழாய்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செருகிய சில தெர்மோகப்பிள் வெப்பமானிகள்.

மீதி இடமெல்லாம் கணக்குதான்.

அந்தக் கணக்கு ஏன் எளிதில்லை என்பதற்குக் காரணம் வெப்பத்தின் தன்மையிலேயே இருக்கிறது. வினையால் சூடு வருகிறது. சூட்டால் வினை வேகம் எடுக்கிறது. இரும்பு வினையூக்கியின் மேல் 430 டிகிரி செல்சியஸ் அருகே பத்து டிகிரி கூடினால் வினையின் அடிப்படை வேகம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். இப்படியே போனால் எல்லா ரியாக்டரும் உருகியிருக்க வேண்டும். அம்மோனியாவில் அதற்கு இயற்கையே ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது. சூடு ஏறஏற, உண்டான அம்மோனியா திரும்பவும் உடையத் தொடங்கும். ஓர் எல்லைக்கு மேல் வினை முன்னேறாது. வாயுவில் அம்மோனியா ஒரு சதவீதம் கூடினால் வெப்பநிலை சுமார் 15 டிகிரி ஏறும். 400 டிகிரியில் நுழையும் வாயு எட்டு சதவீதம் அம்மோனியா சேர்ப்பதற்குள் 520-ஐத் தொட்டு, அங்கே முட்டிக்கொண்டு நின்றுவிடும். ஆகவே படுகையை இரண்டாகவோ நான்காகவோ பிரித்து, இடையிடையே குளிர்ந்த வாயுவைக் கலந்தோ வெப்பமாற்றியில் ஆறவைத்தோ அடுத்த படுகைக்கு அனுப்புகிறார்கள். கலத்தின் நீளவாக்கில் வெப்பநிலையை வரைந்தால் ரம்பத்தின் பல் மாதிரி ஏறி, விழுந்து, மறுபடி ஏறும்.

வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர் இந்த அம்மோனியாவை மேசைமேல் செய்து காட்டியது 1909 ஜூலையில். பார்க்க வந்திருந்தவர்களில் ஒருவர் ஆல்வின் மிட்டாஷ். மலிவான இரும்பு வினையூக்கியைக் கண்டெடுக்க அவரது குழு பின்னர் ஆயிரக்கணக்கான சோதனைகளைச் செய்தது. கார்ல் போஷ் அதை ஆலையாக்கியது 1913-இல், ஜெர்மனியின் ஒப்பாவ் நகரில். போஷின் முதல் குழாய்கள் சில நாள்களிலேயே வெடித்தன. சூடான ஹைட்ரஜன் எஃகுக்குள் ஊடுருவி அதன் கரியைத் தின்றுவிட்டது. பிற்காலக் கலங்களில், உள்ளே வரும் குளிர்ந்த வாயுவைக் கலத்தின் வெளிச்சுவரை ஒட்டி ஓடவிட்டுச் சுவரைச் சூடேறாமல் காப்பது வழக்கமாகிவிட்டது. உள்ளே 500, சில அங்குலம் தள்ளிச் சுவரில் அதில் பாதிகூட இல்லை.

உள்ளே வரும் வாயுவைச் சூடாக்குவது யார்? வெளியே போகும் வாயுதான். படுகையில் இருந்து வரும் சூட்டை வெப்பமாற்றியில் உறிஞ்சி, புதிதாக வரும் வாயுவுக்கு ஏற்றுகிறார்கள். தொடக்கத்தில் ஒரு ஹீட்டரை வைத்துப் பற்றவைத்துவிட்டால் போதும். பிறகு தன் சூட்டில் தானே ஓடும். சிக்கனம் என்று பார்த்தால் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டிருக்கும் ஏற்பாடு இது. 1953-இல் நெதர்லாந்தின் வான் ஹேர்டன் இதை ஒரே படத்தில் விளக்கினார். வினை தரும் வெப்பத்தை வெப்பநிலைக்கு எதிராக வரைந்தால் மெல்ல எழுந்து, செங்குத்தாக ஏறி, பிறகு சரிகிற வளைகோடு கிடைக்கும். வாயு சுமந்து செல்லும் வெப்பம் ஒரு நேர்கோடு. இரண்டும் மூன்று இடங்களில் வெட்டிக்கொள்ளும். கீழே உள்ள வெட்டுப்புள்ளியில் ரியாக்டர் அணைந்து கிடக்கும். மேலே உள்ளதில் எரிந்துகொண்டிருக்கும். நடுவில் உள்ளதில் நிற்கவே நிற்காது. கொஞ்சம் தள்ளினால் மேலேயோ கீழேயோ ஓடிவிடும். அதிக அம்மோனியா கிடைக்கும் இடமோ, எரிகிற நிலையின் விளிம்பை ஒட்டி, அணைந்துவிடும் எல்லைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. லாபம் எங்கே இருக்கிறதோ அங்கேயேதான் பள்ளமும் இருக்கிறது.

இதன் முழு வேடிக்கையும் 1989-இல் ஜெர்மனியில் ஓர் உர ஆலையில் வெளிப்பட்டது. அம்மோனியா ரியாக்டரின் அழுத்தம் சற்றே குறைந்தது. அழுத்தம் குறைந்தால் வினை தளரும், கலம் மெல்லக் குளிரும், எச்சரித்தால் ஆட்கள் சமாளிப்பார்கள் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது வேறு. படுகையின் வெப்பநிலை நிமிடக் கணக்கில் ஏறி, விழுந்து, மறுபடி ஏறி ஊசலாடத் தொடங்கியது. நார்வேயின் மோருட், ஸ்கோகெஸ்டாட் இருவரும் இதை அலசி 1998-இல் வெளியிட்ட விளக்கம் எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த துப்பறியும் கதை.

குற்றவாளி காலதாமதம். வாயு படுகையைச் சில விநாடிகளில் கடந்துவிடும்; வெப்பம் அப்படிக் கடக்காது. துகள்களைச் சூடாக்கிச் சூடாக்கித்தான் அது முன்னேற வேண்டும். அம்மோனியா ரியாக்டரின் அழுத்தத்தில், ஒரு கன மீட்டர் வாயுவைவிட ஒரு கன மீட்டர் படுகை சுமார் இருபது மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்று ஒரு தோராயக் கணக்குப் போடலாம். ஆக, வெப்ப அலை வாயுவைவிட இருபது மடங்கு மெதுவாக நகரும். சாதாரண அழுத்தத்தில் ஓடும் ரியாக்டர்களில் இந்த வித்தியாசம் ஆயிரம் மடங்கைத் தாண்டும்.

இப்போது நுழையும் வாயுவைத் திடீரென்று குளிர்வித்துப் பாருங்கள். வாசல் அருகே துகள்கள் குளிரும். அங்கே வினை மந்தமாகும். வழக்கமாக அங்கேயே வினையாகிவிடும் அளவு ஹைட்ரஜனும் நைட்ரஜனும் வினையாகாமல் உள்ளே போகும். உள்ளே துகள்கள் இன்னும் பழைய சூட்டில் இருக்கின்றன. குளிர் அலை அங்கே வந்து சேரவில்லை. சூடான துகளும் வினையாகாத வாயுவும் சந்தித்தால் என்ன ஆகும்? வெப்பநிலை முன்பிருந்ததைவிட மேலே போகும். வாசலைக் குளிர்வித்தால் உள்ளே கொதிக்கிறது! ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் டான் லஸ் குழு 1981-இல் இதை முறையாக ஆராய்ந்து, 'தப்பான திசையில் போகும் நடத்தை' என்ற பொருளில் பெயரிட்டது. ரஷ்யாவின் போரெஸ்கோவும் ஸ்லின்கோவும் 1960-களிலேயே இதை முன்னறிந்திருந்தார்கள்.

இதோடு வெப்பமாற்றியின் வாலைச் சேர்த்துப் பாருங்கள். வாசலில் குளிர்ச்சி, கொஞ்ச நேரம் கழித்து வெளியே சூடு, அந்தச் சூடு வெப்பமாற்றி வழியே திரும்பி வாசலுக்கு வருகிறது, வாசல் சூடாகிறது, வினை அங்கேயே தீர்ந்துவிட, உள்ளே குளிர்கிறது, அந்தக் குளிர்ச்சி திரும்பி வாசலுக்கு வருகிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருக்கும் ஒரு கை, ரியாக்டருக்கு உள்ளேயே இருக்கிறது. வான் ஹேர்டனின் படம் காலத்தைக் கணக்கில் எடுக்காத படம். அதில் நிலையாகத் தெரிந்த புள்ளி, காலத்தைச் சேர்த்துப் பார்த்தால் ஊசலாடுகிறது. அந்த ஆலைக்காரர்கள் மெதுவான மாற்றங்களை எதிர்பார்த்தே பழகியிருந்தவர்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்று இங்கே ஒரு வார்த்தை. இருநூறு கோடித் துகள்களுக்கும் தனித்தனியே சமன்பாடு எழுதுவது நடக்காத காரியம். முதல் தந்திரம், துகள்களை மறந்துவிடுவது. படுகை முழுவதையும் ஒரே சீரான பொருளாகப் பாவித்து, அதில் ஒரு சின்னத் துண்டை எடுத்து வரவு செலவு எழுதுவார்கள். வாயு சுமந்து வந்த வெப்பம், வினை தந்த வெப்பம், பக்கத்துத் துண்டுகளுக்குப் பரவிப் போன வெப்பம், சுவர் வழியே போனது. மிச்சம் என்னவோ அதுதான் அந்தத் துண்டின் வெப்பநிலையை ஏற்றும். இதே போல வினைபொருளுக்கும் ஒரு கணக்கு. நீளவாக்கில் மட்டும் பார்ப்பது ஒரு வகை. குறுக்குவாக்கையும் சேர்ப்பது இன்னொரு வகை. துகளுக்கு ஒரு வெப்பநிலை, வாயுவுக்கு ஒரு வெப்பநிலை என்று பிரிப்பது மூன்றாவது. நம் நாட்டு மாணவர்கள் பலர் இதைக் கற்றது எல்.கே. துரைசாமியும் எம்.எம். சர்மாவும் 1984-இல் வெளியிட்ட பெருநூலில் இருந்து. துரைசாமி புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தை நடத்தியவர்.

குறுக்குவாக்கு ஏன் முக்கியம் என்பதற்கு ராணிப்பேட்டைக்குப் போகலாம். அங்கே திருமலை கெமிக்கல்ஸ் 1970-களில் இருந்து தாலிக் அன்ஹைட்ரைடு செய்துவருகிறது. தோட்டத்தில் கிடக்கும் வளையும் பிளாஸ்டிக் ஹோஸ், வண்டிப் பெயின்ட் போன்றவற்றுக்குள் போகும் பொருள் அது. ஆர்த்தோ சைலீனைக் காற்றோடு கலந்து வனேடியம் வினையூக்கியின் மேல் பாதி எரிப்பதுதான் இந்தத் தொழிலின் வழி. முழுதாக எரிந்தால் எல்லாம் கரியமில வாயுவாகி வீண். இந்த வினையை அம்மோனியா மாதிரி ஒரே பெரிய படுகையில் செய்தால் தாங்காது. விரல் தடிமனில், மூன்று மீட்டர் அளவில் ஆயிரக்கணக்கான குழாய்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் வினையூக்கி, வெளியே உருகிய உப்புக் குளியல் என்பதே இத்தொழிலின் பொது அமைப்பு. பெல்ஜியத்தின் ஃபிரோமெண்ட் 1967-இல் இப்படி ஒரு குழாயைக் கணக்கிட்டார். நுழைவு வெப்பநிலையைச் சில டிகிரி உயர்த்தியதும் குழாயின் ஓரிடத்தில் வெப்பநிலை கட்டுக்கடங்காமல் பாய்ந்தது. அதோடு, இரண்டரை சென்டிமீட்டர் அகலமே உள்ள குழாயில், நடு அச்சுக்கும் சுவருக்கும் இடையே பத்துக் கணக்கான டிகிரி வித்தியாசம் வந்தது. சராசரியைப் பார்த்தவருக்கு எல்லாம் நலம். நடுவில் இருந்த துகள்களுக்குத்தான் விபரீதம்.

இதுவரை சொன்ன மேடுபள்ளங்களுக்கெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த காரணம் உண்டு: வாசல் இங்கே, சுவர் அங்கே. இனி வருவது வேறு ரகம். சுவர் வழியே வெப்பம் வெளியேற வழியில்லை, வாயு ஒரே சீராக நுழைகிறது, துகள்கள் ஒரே மாதிரி. அப்படிப்பட்ட படுகையின் குறுக்குவெட்டில் ஓரிடம் மட்டும் தானாகவே சூடேறுமா?

சமச்சீரைப் பார்த்தால் ஏறக்கூடாது. ஆனால் ஆலைகளில் ரியாக்டரைத் திறந்தபோது கட்டிகள் கிடைத்தன. வினையூக்கித் துகள்கள் உருகி ஒட்டிப் பாறையாகிப்போன கட்டிகள். ஓடும்போது எந்த வெப்பமானியும் முறையிடவில்லை. இரண்டு வெப்பமானிகளுக்கு நடுவே ஓர் எரிமலை இருந்திருக்கிறது. 1976-இல் ஜாஃபே என்ற பொறியாளர், ஹைட்ரஜனேற்ற ரியாக்டர்களில் வரும் சூட்டிடங்களுக்குக் காரணம் அந்தந்த இடத்தில் ஓட்டம் குறைந்துபோவது என்று கணக்கிட்டுக் காட்டினார். 1984-இல் பார்க்கிலூவும் கம்பீரும் எண்ணெய் சொட்டும் படுகைகளில் இத்தகைய கட்டிகளைப் பற்றி எழுதினார்கள்.

ஓட்டக் குறைவு ஒரு காரணம், சரி. அது இல்லாமலும் சூட்டிடம் பிறக்குமா என்பதுதான் கணிதக்காரர்களை உறங்கவிடாத கேள்வி. இதற்கு முன்மாதிரி வேதிப் பொறியியலில் இல்லை, உயிரியலில் இருந்தது. 1952-இல் ஆலன் டூரிங், சீரான கலவையில் தானாகவே புள்ளியும் கோடும் பிறக்க முடியும் என்று காட்டினார். நிபந்தனை ஒன்று: தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் பொருள் மெதுவாகப் பரவ வேண்டும், அதைக் கட்டுப்படுத்துவது வேகமாகப் பரவ வேண்டும். ரியாக்டருக்குள் தன்னைத் தானே வளர்த்துக்கொள்வது வெப்பம். அதைக் கட்டுப்படுத்துவது வினைபொருள் தீர்ந்துபோவது. ஆக, வினைபொருள் குறுக்கே வேகமாகப் பரவி, வெப்பம் மெதுவாகப் பரவினால், ஒரு சூட்டுப்புள்ளி அக்கம்பக்கத்து வினைபொருளை எல்லாம் தன்பால் இழுத்துக்கொண்டு கொழுக்கும், சுற்றிலும் பட்டினி.

இங்கே கதையில் நம்மவர்கள் வருகிறார்கள். ஐஐடி மெட்ராஸில் படித்து ஹூஸ்டனில் பேராசிரியரான வேமுரி பாலகோட்டையா, 1999-இல் தன் குழுவினரோடு, வெப்பம் வெளியேற வழியில்லாத படுகையிலும் குறுக்குவாட்டுச் சூட்டு மண்டலங்கள் பிறக்கக்கூடும் என்று கணக்கிட்டு வெளியிட்டார். கனடாவில் இருந்து யாக்னினும் மென்சிங்கரும் மறுத்தார்கள். மறுப்பின் உயிர் இருந்தது அந்தப் பரவல் வேகங்களில்தான். படுகையில் வினைபொருள் குறுக்கே பரவுவது, வாயு துகள்களை மோதி இருபுறமும் பிரிந்து கலப்பதால். வெப்பம் அப்படியும் பரவும். அதோடு துகளில் இருந்து துகளுக்குக் கடத்தப்பட்டும், கதிர்வீச்சாகவும் பரவும். எனவே நிஜமான படுகையில் வெப்பம் வினைபொருளுக்குச் சமமாகவோ கூடுதலாகவோதான் பரவும். டூரிங் கேட்டதற்கு நேர் எதிர். 2005-இல் டான் லஸ்ஸும், அப்போது அவரிடம் ஆய்வு செய்த கணேஷ் விஸ்வநாதனும் குழுவினரும் தீர்ப்பை எழுதினார்கள்: எளிய வினைவேகம் கொண்ட, எளிய கணித மாதிரியில், நடைமுறைக்குரிய அளவுகளில், நிலையான குறுக்குவாட்டுச் சூட்டு மண்டலம் உருவாகாது. விஸ்வநாதன் இப்போது ஐஐடி பம்பாயில் பேராசிரியர்.

அப்படியென்றால் கட்டிகள் பொய்யா? கட்டிகள் கையில் இருக்கின்றன. ஆகவே பொய்யானது 'எளிய' என்ற அந்தச் சொல்தான். கார்பன் மோனாக்சைடை எரிக்கும் வினையில், வினையூக்கியின் மேற்பரப்பே சும்மா இருப்பதில்லை. மெல்ல ஆக்சிஜனேறி வீரியம் இழந்து, மறுபடி மீள்கிறது. இந்த மெதுவான மூன்றாவது கணக்கையும் மாதிரியில் சேர்த்தால், சூட்டு மண்டலங்கள் பிறக்கின்றன. பிறந்த இடத்தில் நிற்காமல் சுழல்கின்றன, சுவரில் முட்டித் திரும்புகின்றன, பிளந்து சேர்கின்றன. ஹூஸ்டனில் ஆழமில்லாத படுகைகளை அகச்சிவப்புக் கேமராவின் கீழ் வைத்துப் பார்த்தபோதும் நகரும் சூட்டு மண்டலங்கள் படத்தில் விழுந்தன. இஸ்ரேலின் டெக்னியனில் மோஷே ஷெய்ன்டுக் இதே கோலங்களைக் கணிதப் பக்கத்தில் இருந்து நெடுங்காலம் துரத்தியவர்.

வெப்பமானி எட்டாத இடத்தின் சூட்டையும் ஓட்டத்தையும் தூரத்தில் இருந்து படிப்பது கொடைக்கானல் மலைக்குப் புதிதல்ல. ஹேபர் அம்மோனியா சொட்டுகளைக் காட்டிய அதே 1909-இல், ஜனவரி மாதம், கொடைக்கானல் வானாய்வகத்தில் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளின் நிறமாலைக் கோடுகள் லேசாக இடம் பெயர்ந்திருப்பதைக் கண்டார். புள்ளியின் நடுவில் இருந்து வெளியே வாயு பாய்கிறது என்று அதில் இருந்து முடிவு கட்டினார். சூரியனில் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்த இடம் புள்ளியாகிறது. ரியாக்டரில் சூடான இடம். எவர்ஷெட்டுக்கு ஒரு வசதி இருந்தது. சூரியன் தன் மேற்பரப்பை மூடி வைத்துக்கொள்வதில்லை. அம்மோனியாக் கலம் தடித்த எஃகுக்குள் கிடக்கிறது. அதன் நடுப் படுகையில் எந்தக் கேமராவும் எட்டிப் பார்த்ததில்லை.

இந்த நூலை எழுதுகையில் மாதிரிகளைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி: கணக்குக் காட்டாத ஒன்று ஆலையில் நடந்தால் அப்புறம் கணக்கு எதற்கு? என் பதில், 2005-இன் அந்தத் தீர்ப்புதான் மாதிரியின் உண்மையான பயன். அது 'முடியாது' என்று துல்லியமாகச் சொன்னதால்தான், எந்தக் காரணத்தை விட்டுவிட்டோம் என்று தேடத் தோன்றியது. எதைப் போட்டாலும் ஆலைத் தரவோடு ஒத்துப்போகும்படி வளைகிற மாதிரிகளும் சந்தையில் உண்டு. அவற்றில் பத்து எண்களைத் திருகினால் எந்தக் கட்டியையும் விளக்கிவிடலாம். அவற்றின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

மாதிரிக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்க, ஆலைக்காரர்கள் ஜாஃபே சொன்ன காரணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வினையூக்கியின் நடத்தையை மாற்றுவது அவர்கள் கையில் இல்லை. ஓட்டத்தைச் சீராக்குவது கையில் இருக்கிறது. அம்மோனியாவில் வாயுவை மேலிருந்து கீழே விடாமல், வெளிவட்டத்துக்கும் நடு அச்சுக்கும் இடையே பக்கவாட்டில் பாய்ச்சும் கலங்களை டென்மார்க்கின் டாப்ஸோ நிறுவனம் 1960-களில் கொண்டுவந்தது. வாயு கடக்க வேண்டிய தூரம் குறைந்ததால் அழுத்த இழப்பு குறைந்து, சின்னத் துகள்களைப் பயன்படுத்த முடிந்தது. எண்ணெய் சுத்திகரிப்பு ரியாக்டர்களில் படுகைக்கு மேல் தட்டுகள் வைத்துத் திரவத்தைப் பரப்பி விடுகிறார்கள். தெர்மோகப்பிள்களின் எண்ணிக்கையையும் கூட்டியிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட அதிக அக்கறை காட்டப்படுவது வினையூக்கியைக் கொட்டும் நாளில். ஒரே இடத்தில் குவித்துக் கொட்டினால் குவியலின் நடுவில் பொடியும் ஓரத்தில் பெருந்துகளும் சேரும். பொடி சேர்ந்த இடத்தில் ஓட்டம் குறையும். பல ஆண்டுகள் கழித்து அங்கேதான் கட்டி கிடைக்கும். ஆகவே சுழலும் கருவிகளால் துகள்களை மழைபோலத் தூவி, மட்டம் பார்த்து, மறுபடி தூவுகிறார்கள். காற்றுப் பட்டால் சூடாகும் வினையூக்கியாக இருந்தால் கலத்தை நைட்ரஜனால் நிரப்பி, சுவாசக் கருவி மாட்டிய ஆட்களை உள்ளே இறக்குகிறார்கள். ஓர் அம்மோனியா வினையூக்கிப் படுகை பத்து ஆண்டுக்கு மேலும் ஓடும். அத்தனை ஆண்டுகளின் வெப்பநிலை வரைபடமும் பெருமளவு தீர்மானிக்கப்படுவது, படுகை இன்னும் சில்லென்று இருக்கும் அந்த ஓரிரு நாள்களில்தான்.